முத்து இல்லாத அம்மை

எனக்கு வாய் நீளம். எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்யாணமாகிப் புதிதாக வருகிற பெண்களிடம், "மங்கலத்துக்கிட்ட மட்டும் வாயக் குடுக்காதே" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவைத்துவிடுவார்கள். குழாயடியில் என் குடத்தை யாராவது நகர்த்தி வைத்தால் அன்றைக்குப் பூராவும் அந்தக் குடும்பத்துக்கு விக்கல்தான். அப்படிப்பட்ட வாய், பேச வேண்டிய நேரத்தில் இரண்டு நாள் மூடிக்கிடந்தது. அந்த இரண்டு நாளைத்தான் சொல்லப் போகிறேன்.

கீரப்பாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஒரே தெரு, நாற்பது வீடு. என் வீட்டுக்காரர் அன்பரசு மெட்ராஸில் கோயம்பேடு மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற வேலை. மகள் அனுப்பிரியா பத்தாவது. அந்த வருஷம் பரீட்சையைத் தள்ளிவைத்துக்கொண்டே போனார்கள், அவளும் புத்தகத்தை வைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்வீடு கொளஞ்சியம்மாள். ஐம்பத்தாறு ஐம்பத்தேழு வயது இருக்கும். புருஷன் இல்லை. ஒரே மகள் சத்யப்பிரியா கடலூர் செம்மண்டலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள்.

கொளஞ்சியம்மாளுக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சு கிடையாது. அவள் ஆடு என் கனகாம்பரத்தை மொட்டையடித்துவிட்டது. கேட்கப் போன இடத்தில் வார்த்தை தடித்து, "கேக்க ஆம்பள இல்லாத வூடு, அதான் எல்லாத்தையும் அவுத்து வுட்டிருக்கே" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் மட்டும் சும்மா விடுவாளா? "உம் புருஷன் கோயம்பேட்டுல யாரு வூட்டு மூட்டைய தூக்கறான்னு போய்ப் பாருடி மொதல்ல" என்றாள். தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. அன்றோடு சரி. காலையில் கதவைத் திறந்தால் எதிரில் அவள்தான், ஆனால் நான் பார்க்க மாட்டேன், அவளும் பார்க்க மாட்டாள்.

கொரோனா வந்த வருஷம். ஊரடங்கு போட்டு ஒரு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஊரெல்லாம் அடைத்துக்கிடந்தாலும் காய்கறி வேண்டுமே, மார்க்கெட் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இவரும் அங்கேயே கிடந்தார். சித்திரை முடிகிற சமயம் ஒரு நாள் போன் வந்தது. "மார்க்கெட்டு பூரா பரவிடுச்சாம் மங்கலம். மூடப்போறாங்க. வந்துடறேன்" என்றார். காலி லாரி ஒன்றில் தார்ப்பாய்க்கு அடியில் படுத்து வந்து, புவனகிரிக்கு முன்னாலேயே இறங்கி, வரப்பு வழியாக நடந்து, விடியற்காலையில் கொல்லைப்புறக் கதவைத் தட்டினார். யாரும் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் வந்தது, சந்தோஷமும் வந்தது.

பத்து மணிக்கே தெருவில் ஆட்டோ வந்துவிட்டது, மைக் கட்டிக்கொண்டு. கோயம்பேட்டிலிருந்து வந்தவர்கள் தாங்களாகவே தகவல் கொடுக்க வேண்டும், மறைத்தால் வழக்குப் போடப்படும் என்று சொல்லிக்கொண்டே போனது. சாயங்காலம் டிவியில் மாவட்டம் மாவட்டமாக எண்ணிக்கை வாசித்தார்கள். கடலூர் என்று வந்ததும் எழுந்து சத்தத்தைக் குறைத்தேன். அத்தனை பேரும் மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள்.

பக்கத்து ஊரில் ஒரு பையனை அப்படித்தான் ஆம்புலன்ஸில் ஏற்றிச் சிதம்பரத்துக்குக் கொண்டு போயிருந்தார்கள். தெருவுக்குத் தகரம் அடித்துவிட்டார்கள். அந்தத் தாய்க்காரியைக் குழாயில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. பால்காரர் நின்றுவிட்டார். செத்துப்போனால் பிளாஸ்டிக்கில் சுற்றிக் குழியில் தள்ளிவிடுவார்களாம், மூஞ்சியைக்கூடக் காட்ட மாட்டார்களாம் என்று போனில் வீடியோ வீடியோவாக வந்துகொண்டிருந்தது. அதில் எது நிஜம் எது பொய் என்று யாருக்குத் தெரியும்? நான் எல்லாவற்றையும் நம்பினேன்.

மறுநாள் இவருக்குக் காய்ச்சல் வந்தது. தொட்டால் அனல். சோற்றைப் பிசைந்து கொடுத்தால் மண்ணு மாதிரி இருக்கு என்றார். அனுப்பிரியா ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இது அதான். 104க்குப் போன் பண்ணிடலாம்."

"வாய மூடு. உங்கப்பாவ பொணமாக்கிப் பாக்கணுமா உனக்கு?"

இவர் கழுத்திலும் முதுகிலும் வேர்க்குரு சிவப்பாகப் பொரிந்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் வெந்துகொண்டு வந்தவர், பொரியாமல் என்ன செய்யும்? அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. யார் யோசனை என்று யாரும் கேட்க வேண்டாம், என்னுடையதுதான். கொல்லையில் இருந்த வேப்ப மரத்தில் ஏறி நாலு கொத்து ஒடித்து, வாசல் நிலையில் செருகினேன்.

வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டுக்கு ஆத்தா வந்திருக்கிறாள் என்று அர்த்தம். யாரும் படியேற மாட்டார்கள். பிச்சைக்காரன்கூட அடுத்த வீட்டுக்குப் போய்விடுவான். ஆஸ்பத்திரி, ஊசி, மாத்திரை எதுவும் கிடையாது. அக்கினி நட்சத்திர வெயில் வேறு. அம்மை போடுகிற காலம்தான். யாருக்குச் சந்தேகம் வரும்? தெருவில் கேட்டவர்களிடம், ஊரடங்கு போட்டதிலிருந்து இவர் கடலூர் முதுநகரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தார், முந்தாநாள் பைக்கில் கொண்டுவந்து விட்டார்கள், வெயிலில் வந்தது ஆத்தா இறங்கிவிட்டாள் என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். தெருவும் "ஆத்தா காப்பாத்துவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"சாமி பேரச் சொல்லிப் பொய் சொல்றியேம்மா" என்றாள் அனுப்பிரியா.

"சாமிகிட்ட நா பேசிக்கறேன். நீ போய்ப் படி."

மத்தியானம் ஹெல்த் நர்ஸ் அறிவுமதி கையில் லிஸ்டோடு வந்தாள். நல்ல பெண். மாஸ்க்குக்கு மேலே கண் மட்டும் சிவந்துபோய்த் தெரிந்தது. வீடு வீடாக வெயிலில் நடந்த கண். வேப்பிலையைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"உங்க வீட்டுக்காரரு கோயம்பேடுதானங்க? எப்ப வந்தாரு?"

நான் கடலூர்க் கதையைச் சொன்னேன். அவள் பேனாவை வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள். "அம்மைன்னாலும் ஒருதரம் பாத்துட்டுப் போறேங்க. டெம்பரேச்சர் மட்டும்" என்று ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தாள். உள்ளே இவர் இருமலை அடக்கத் துணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

அப்போது எதிர்வீட்டிலிருந்து குரல் வந்தது.

"ஏ பொண்ணு, ஆத்தா வந்த வூட்டுல செருப்புக்காலோட ஏறுவியா? எந்த ஊரு நியாயம் இது? அம்மைய பாத்தா தெரியாதா எங்களுக்கு? நா பாத்துக்கறேன், நீ போ."

கொளஞ்சியம்மாள்! அறிவுமதி காலை எடுத்துவிட்டாள். ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். இரண்டு வருஷமாக என்னோடு பேசாதவள் எனக்காகப் பேசியிருக்கிறாள் என்றுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை. தப்பித்தோம் என்பதுதான் இருந்தது.

ஆனால் ஒன்றை நான் மறந்துபோயிருந்தேன். அம்மை வீட்டுக்கு யாரும் வர மாட்டார்கள், ஏற்கெனவே அம்மை போட்டுத் தேறியவர்களைத் தவிர. அவர்களுக்குத் திரும்ப வராது. கொளஞ்சியம்மாளுக்கு ஐந்து வயதில் பெரிய அம்மை போட்டுப் பிழைத்தாள், மூஞ்சி முழுக்கத் தழும்பு. தெருவில் யாருக்கு அம்மை போட்டாலும் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். கூப்பிடாவிட்டாலும் வந்துவிடுவாள்.

அன்றைக்குச் சாயங்காலமே வந்தாள். ஒரு கையில் கேழ்வரகுக் கூழ், ஒரு கையில் வேப்பிலைக் கொத்து. என் வாசலில் நின்றாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேருக்கு நேர்.

"ஆத்தா வந்த வூட்டுல பகை பாக்கக் கூடாது. நகரு" என்றாள்.

"நானே பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாப்ப. உனக்குப் போட்டிருக்கா? இல்லல்ல? அப்புறம் உனக்கும் வரும், அந்தப் பொண்ணுக்கும் வரும். எனக்கு ஏற்கெனவே வந்துடுச்சு. இனிமே என்னா வரப்போவுது? நகரு மங்கலம்."

நான் நகர்ந்தேன். ஆமாம், நகர்ந்து வழிவிட்டேன். அனுப்பிரியா என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

கொளஞ்சியம்மாள் இவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மாஸ்க் ஒன்றும் கிடையாது. ஆத்தா முன்னால் வாயை மூடக் கூடாதாம். நெற்றியில் கை வைத்தாள். வேப்பிலையால் தலையிலிருந்து கால்வரை நீவிவிட்டாள். கூழைக் கரைத்து, இவர் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக் குடிக்கக் கொடுத்தாள். இவருக்குப் புரை ஏறியது. அவள் முந்தானையிலேயே வாயைத் துடைத்துவிட்டாள். மூஞ்சிக்கும் மூஞ்சிக்கும் ஒரு சாண்கூட இல்லை.

"முத்தக் காணுமே" என்றாள் என்னைப் பார்த்து. "வெறும் வேர்க்குரு மாதிரி இருக்கு. இருமல் வேற ஜாஸ்தியா இருக்குது."

"இப்பத்தான் ஆரம்பம்" என்றேன்.

"உள்ளயே நிக்கறா போலருக்கு. வெளிய எறங்கணும். உள்ள நின்னா ஆபத்து."

கொளஞ்சியம்மாளுக்கு மார்கழி வந்தால் இழுப்பு வந்துவிடும். எதிர்வீட்டில் எனக்குக் கேட்கும், அந்தக் கீச் கீச் சத்தம். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கதவோரமாக நின்றுகொண்டு, இன்னும் எவ்வளவு நேரம் உட்காரப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பயம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொன்னால் ஊர் பூராவும் தெரிந்துவிடும், இவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

மறுநாள் காலையில் இளநீர் வெட்டிக்கொண்டு வந்தாள். இவருக்கு இருமல் கூடியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. பாதி இளநீரைக் குடித்துவிட்டுப் போதும் என்று தள்ளினார். அவள் அந்த மிச்சத்தைக் கையில் எடுத்தாள்.

"ஆத்தா குடிச்ச மிச்சம். கீழ கொட்டக் கூடாது" என்று அண்ணாந்து, அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டாள்.

என் கை தானாக நீண்டது. அதைப் பிடுங்கிவிட நீண்டது. பாதியில் நின்றுவிட்டது. அவள் குடித்து முடித்து முந்தானையில் வாயைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "என்னாடி, உனக்கு வேணுமா?" என்று கேலி வேறு செய்தாள். பாவி நான், நானும் சிரித்தேன்.

அவள் போனபிறகு அனுப்பிரியா என் எதிரில் வந்து நின்றாள்.

"கொளஞ்சியக்கா செத்துப்போயிட்டா என்னாம்மா பண்ணுவ?"

"ஒண்ணும் ஆவாது. அவ ஒடம்பு இரும்பு."

"உனக்கே தெரியும்."

பளாரென்று அறைந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தரம் மூச்சு விடுகிறார் என்று போனைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது, முப்பத்திரண்டு என்று சத்தமாக எண்ணினாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

மூன்றாம் நாள் மத்தியானம். வெயில் கொளுத்தியது. வாசலில் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். கொளஞ்சியம்மாள் அண்டாவில் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் காலையிலிருந்து வெயிலில் வைத்திருந்த தண்ணீரைக் குடத்தில் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். பின்னால் நாலு பெண்கள். ஆத்தாவுக்குப் படைக்கிற துள்ளுமாவுத் தட்டு, எலுமிச்சம்பழம், கற்பூரம். கடைசியில் தெருக்கோடி வீட்டு இளவரசு பெண்சாதி, எட்டு மாசக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"முத்து வெளிய வராம உள்ளயே நின்னா உசுருக்கு ஆபத்து" என்றாள் கொளஞ்சியம்மாள். "தலைக்குத் தண்ணி ஊத்தி, நாலு பேரு சேந்து கும்புட்டாத்தான் ஆத்தா மனசு குளிருவா. இவுங்க எல்லாருக்கும் ஏற்கெனவே போட்டிருக்கு. பயப்படாத. இளவரசு பொண்டாட்டி புள்ளைய ஆத்தா காலடியில போட்டு எடுக்கணுமாம்."

உள்ளே இவர் எழுந்து உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்து மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார். ஒரு குடம் தண்ணீரைத் தலையில் ஊற்றினால் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தை எச்சில் வழியக் கையை நீட்டி என்னைப் பார்த்துச் சிரித்தது. கொளஞ்சியம்மாள் படியேறிவிட்டாள். மற்றவர்களும் செருப்பைக் கழற்றினார்கள்.

"நில்லுங்க!" என்று கத்தினேன். கத்திய கத்தில் தெருவில் இருந்த நாய்கூட எழுந்துவிட்டது. "யாரும் வராதீங்க. இது அம்மை இல்ல. அவுரு கடலூர்லேர்ந்து வரல, கோயம்பேட்டுலேர்ந்துதான் வந்தாரு. லாரியில வந்தாரு. நாந்தான் பொய் சொன்னேன்."

இளவரசு பெண்சாதி குழந்தையின் மூஞ்சியை முந்தானையால் மூடிக்கொண்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். துள்ளுமாவுத் தட்டு கீழே விழுந்தது. "அடிப்பாவி!" என்று ஒருத்தி மண்ணை வாரி என் வாசலில் எறிந்தாள். "ஊரையே கொல்லப் பாத்தியேடி, நீ வெளங்குவியா?" என்று இன்னொருத்தி. எல்லாம் நியாயம்தான்.

கொளஞ்சியம்மாள் மட்டும் நகரவில்லை. படியிலேயே நின்றாள். இடுப்பில் இருந்த குடத்தை மெதுவாக இறக்கிவைத்தாள்.

"இவுங்க வந்தவுடனே சொல்லிட்ட" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "முந்தாநாளு நா வந்தப்ப ஏன்டி சொல்லல? நேத்து வந்தப்ப ஏன் சொல்லல?"

நான் அவள் இறக்கிவைத்த குடத்தையே பார்த்தேன். அவள் திரும்பித் தெருவைக் கடந்து தன் வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் பயந்த மாதிரியேதான், ஆனால் பயந்த அளவுக்கு இல்லை. அறிவுமதி ஆம்புலன்ஸோடு வந்தாள். என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டவில்லை. "அன்னிக்கே நா உள்ள வந்திருக்கணும்" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள். இவரைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைத்தார்கள். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். தெருவுக்குத் தகரம் அடித்தார்கள். தெருவில் அத்தனை பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்கள். என் குடத்தை யாரும் குழாயில் வைக்க விடவில்லை. அறிவுமதிதான் யாரிடமோ சொல்லித் தண்ணீர் கேன் அனுப்பினாள். எனக்கும் அனுப்பிரியாவுக்கும் இல்லை என்று வந்தது. தெருவில் வேறு யாருக்கும் இல்லை.

கொளஞ்சியம்மாளுக்கு இருந்தது.

ஆம்புலன்ஸில் ஏறும்போது தகரத்துக்கு நடுவில் இருந்த சந்து வழியாக அவளைப் பார்த்தேன். ஒரு மஞ்சள் பையில் இரண்டு புடவை. ஆட்டை யாரிடம் விடுவது என்று தெரியாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றாள். அனுப்பிரியா எங்கள் வாசலிலிருந்து, "நா பாத்துக்கறேன்க்கா" என்றாள். அவள் கயிற்றைத் தரையில் போட்டுவிட்டு ஏறிக்கொண்டாள். என் பக்கம் திரும்பவில்லை.

சிதம்பரத்தில் இரண்டு நாள். அதற்குள் இழுப்பு ஜாஸ்தியாகி, கடலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிட்டார்கள். செம்மண்டலத்தில் இருக்கும் மகளுக்கு ஆஸ்பத்திரி கூப்பிடு தூரம், ஆனால் உள்ளே விட மாட்டார்கள். சத்யப்பிரியா தினமும் கேட்டுக்கு வெளியே நின்று போனில் பேசிவிட்டுப் போனாளாம். இதெல்லாம் அனுப்பிரியாதான் அவளோடு பேசித் தெரிந்துகொண்டு எனக்குச் சொன்னாள். அதாவது, சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

இவர் பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தார். பாதியாகிவிட்டிருந்தார், ஆனாலும் தன் காலால் நடந்து வந்தார். நான் காலில் விழாத குறை. கூழ் கேட்டார். ருசி திரும்பிவிட்டது என்றார். அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மங்கலமா? கொளஞ்சி பேசறேன்."

ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் காற்று சீறுகிற சத்தம். நான் கொல்லைப் பக்கம் ஓடினேன்.

"அக்கா! எப்படிக்கா இருக்கீங்க?"

"தம்பி வந்துடுச்சாமே. சத்யா சொன்னா. நல்லாருக்கா?"

"நல்லா இருக்காருக்கா. கூழு குடிக்கறாரு."

"சரி. நல்லாருக்கட்டும்." கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் மங்கலம். படுத்துக் கெடந்தா அதுதான் ஓடுது. மொத நாளு ஏன் சொல்லல?"

"பயந்துட்டேன்க்கா. இவர தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு பயந்துட்டேன்."

"அவுங்ககிட்ட சொன்னப்ப மட்டும் பயம் இல்லியா? அப்பவும் பயந்துகிட்டுதான சொன்ன?"

இந்தக் கேள்வி பதினோரு நாளாக எனக்குள்ளும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பதிலும் தெரியும். அந்தப் பதிலை நினைத்தாலே எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது. சாகக் கிடக்கிறவளிடம் அதைச் சொல்வார்களா? ஆனால் அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"வேற யாரா இருந்தாலும் வாசல்லயே தடுத்திருப்பேன்க்கா" என்றேன். "நீங்கங்கறதால வுட்டுட்டேன். அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்தை மனசுலயே இருந்துச்சு. வந்தா வரட்டும்னு நெனச்சிட்டேன்."

அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். யாரோ நர்ஸைக் கூப்பிட்டார்கள். போனை வைத்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"அட லூசு" என்றாள். "அதையே சொல்லியிருக்கலாமேடி. 'உன்னெ எனக்குப் புடிக்கல, எம் படி ஏறாத'ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லியிருந்தா போதுமே. கோயம்பேட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேணாம். நாலு கெட்ட வார்த்தை திட்டிட்டு எம் வூட்டுல கெடந்திருப்பேனே."

நான் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். ஆமாம். இரண்டு வருஷமாக ஊரே அறிய இருந்த சண்டை. "போடி வெளிய" என்று ஒரு வார்த்தை. யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது. இவரும் யார் கண்ணிலும் படாமல் இருந்திருப்பார், அவளும் தன் வீட்டில் நல்லபடியாக இருந்திருப்பாள். எனக்கு அது தோன்றவே இல்லை. அல்லது தோன்றாத மாதிரி இருந்துவிட்டேன்.

"அக்கா..." என்றேன்.

"ஆட்ட வெயில்ல கட்டாத" என்றாள். அதோடு லைன் போய்விட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குச் சத்யப்பிரியா பேசினாள். அழுது முடித்த குரல். விடியற்காலையிலேயே உயிர் போய்விட்டதாம். மூட்டையாகக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள், தூரத்திலிருந்து காட்டினார்கள், மூஞ்சியைத் திறந்து காட்டச் சொன்னேன், திறந்தார்கள் அக்கா, அம்மாதான் என்றாள். சாம்பலை வாங்கிக்கொள்ளலாமாம், ஊருக்கு வர பாஸ் கிடைக்குமா என்று தெரியவில்லை என்றாள். நான் உம் உம் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அம்மா போன்ல கடைசியா உங்க நம்பருக்குத்தான் போயிருக்கு அக்கா. ஏழு நிமிஷம்" என்றாள். "என்கிட்ட முந்தாநாள்லேர்ந்து ரெண்டு வார்த்தைக்கு மேல பேசவே இல்ல. மூச்சு வாங்குது, அப்புறம் பேசறேன், அப்புறம் பேசறேன்னு வச்சிட்டாங்க. உங்ககிட்ட ஏழு நிமிஷம் பேசியிருக்காங்க. என்னாக்கா பேசினாங்க?"

நலம் விசாரித்தார்கள், ஆட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள் என்று சொன்னால் முடிந்துபோயிருக்கும். அதுவும் நிஜம்தான். அவளுக்கும் ஆறுதலாக இருந்திருக்கும். அனுப்பிரியா அடுப்படி வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், பன்னிரண்டு நாளில் முதல் தடவையாக.

"சொல்றேன் சத்யா. கேட்டுட்டு நீ என்னெ என்னா வேணா பண்ணு" என்றேன். முதல் நாளிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.